சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

அலுவலகத்தில் லீவு எதற்கு என்று கேட்டால் மாமியார் வீட்டுக்கு என்பேன், மாமியார் வீடு எங்கே என்று கேட்டால் யாழ்ப்பாணம் என்பேன், உடனே எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். அடேயப்பா, அவ்வளவு தூரமா, எத்தனை மணி நேரம் பிளைட், கொழும்பு வழியாகவா என்று வரிசையாகக் கேள்விகள் வரும். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகிறது, இந்தப் பேச்சு மட்டும் மாறவே இல்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், ஏனென்றால் தூரத்தைச் சொல்ல ஒரு வரி போதும், நேரத்தைச் சொல்லத்தான் கதை வேண்டும்.

முதலில் தூரம். மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு, அதாவது யாழ்ப்பாணத்து விமான நிலையத்துக்கு, வானத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 355 கிலோமீட்டர். அவ்வளவுதான். இதே மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டால் 415 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும், கோயம்புத்தூருக்கு 400-ஐத் தாண்டும். அதாவது சென்னைக்காரருக்கு மதுரையைவிட, கோவையைவிட யாழ்ப்பாணம் கிட்ட. நான் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, போனை எடுத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்கள். இன்னொன்றும் உண்டு. இலங்கை நமக்குத் தென்கிழக்கே இருக்கிறது என்று மனதில் பதிந்து போயிருப்பதால் யாழ்ப்பாணமும் அப்படித்தான் என்று நினைக்கிறோம், ஆனால் சென்னையிலிருந்து பார்த்தால் அது நேர் தெற்கு. தீர்க்கரேகைக் கணக்கில் மீனம்பாக்கம் 80.17, பலாலி 80.07. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேற்கேகூடத் தள்ளி இருக்கிறது.

தூரம் சொல்லும் இணையதளங்கள் சிலவற்றில் 220 என்று இருக்கும், சிலவற்றில் 192 என்று இருக்கும். குழம்ப வேண்டாம். முதலாவது மைல், இரண்டாவது கடல் மைல், விமானக்காரர்கள் கணக்கு எல்லாம் கடல் மைலில்தான். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். மூன்றும் ஒரே தூரம்தான்.

சரி, நேரம். அதே இணையதளங்கள் ‘பறக்கும் நேரம்’ என்று ஒன்று போடும், அதை நம்பி டிக்கெட் எடுக்கப் போனால் பொருந்தாது. ஏனென்றால் பெரும்பாலும் அவை ஜெட் விமானத்தின் வேகத்தை, மணிக்கு 800, 900 கிலோமீட்டரை வைத்து வகுத்துவிடுகின்றன. பலாலிக்குப் போவது ஜெட் இல்லை, ஏடிஆர் 72, இரண்டு பக்கமும் விசிறி சுழலுமே அந்த விமானம், எழுபது எண்பது பேர் உட்காரலாம். அது முழு வேகத்தில் போனாலும் மணிக்கு 500 கிலோமீட்டர் சொச்சம். 355-ஐ 500-ஆல் வகுத்தால் 43 நிமிஷம் வரும், ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று போட்டிருப்பார்கள். பொய் இல்லை அது. விமான நிறுவனம் கணக்கு வைப்பது சக்கரத்துக்கு முன்னால் வைத்திருக்கும் கட்டையை எடுத்த நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நொடிவரை. அதற்குப் பெயரே பிளாக் டைம். ஓடுதளம்வரை ஊர்ந்து போவது, அங்கே முன்னால் நிற்கும் நாலு விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பது, மெதுவாக மேலே ஏறுவது, இறங்கும்போது சுற்றி வந்து ஓடுதளத்துக்கு நேராக நிற்பது எல்லாம் இதில் அடக்கம். தூரம் குறையக் குறைய இந்தச் சில்லறை நேரத்தின் பங்கு கூடிக்கொண்டே போகும். லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கும்போது தரையில் போகும் இருபது நிமிஷம் கண்ணுக்கே தெரியாது, யாழ்ப்பாணத்துக்கு அது கிட்டத்தட்டக் கால் பங்கு.

காற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் மனைவியின் சொந்தங்கள் போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் ஏன் என்று கேட்பதுண்டு. மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். அதனால் ஐரோப்பாவிலிருந்து இந்தப் பக்கம் வரும்போது பின்னாலிருந்து தள்ளும், போகும்போது முகத்தில் அடிக்கும். சென்னை, யாழ்ப்பாணம் வடக்குத் தெற்காக இருப்பதால் இந்தத் தொல்லை நமக்கு இல்லை. போக, வர இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே நேரம்தான்.

இதெல்லாம் இன்றைய கணக்கு. எனக்கு முதலில் தெரிய வந்த கணக்கு வேறு.

2016-இல் ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணி இருக்கும், யாழ்ப்பாணத்தில் மாமியார் வீடு இருக்கும் இணுவிலிலிருந்து போன். மாமாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே வெளிக்கிட்டு வாங்கோ என்றார்கள். என் மனைவி அவருக்கு ஒரே பெண். அப்போது பலாலியில் வெளிநாட்டு விமானம் எதுவும் இறங்காது, யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால் கொழும்புக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். இரவு விமானத்தில் இரண்டு சீட் கிடைத்தது. விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பித்து, பத்து மணிக்கு போரூரில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம்.

சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு நேர்கோடு சுமார் 645 கிலோமீட்டர். வரைபடத்தில் அந்தக் கோட்டைப் போட்டுப் பாருங்கள். அது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேலேயே போகும். எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. கிளம்பி முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக் கீழே காட்டினாள். கறுப்புக் கடலுக்கு நடுவில் சிதறினாற்போலக் கொஞ்சம் வெளிச்சம். “எங்கட ஊராத்தான் இருக்கும்” என்றாள். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை, அந்த வெளிச்சம் இறக்கைக்குப் பின்னால் மறையும்வரை கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். அவளுடைய அப்பா கீழே இருந்தார். நாங்கள் அவரைத் தாண்டி இன்னும் முன்னூறு கிலோமீட்டர் தெற்கே போய்க்கொண்டிருந்தோம்.

விடியற்காலை மூன்றரைக்குக் கட்டுநாயக்கவில் இறங்கினோம். 645 கிலோமீட்டர் பறந்து முடித்திருந்தோம். அங்கிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் கிட்டத்தட்ட 290. அதாவது சென்னையில் வீட்டு வாசலில் நின்றபோது இருந்ததைவிட 65 கிலோமீட்டர்தான் நெருங்கியிருந்தோம். வேன் பிடித்தோம். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு. ரோட்டில் இது 400 கிலோமீட்டர் அளவுக்கு வரும், நல்ல ரோடுதான், ஆனாலும் ஏழெட்டு மணி நேரத்துக்குக் குறைந்து போக முடியாது. புத்தளம் தாண்டும்போது காலை ஏழு மணி இருக்கும். போன் வந்தது. எடுத்தது நான்தான். மாமா போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஏழு மணி நேரம் அந்த வேனில் போனோம். நான் அந்த ஏழு மணி நேரத்தைப் பற்றி எழுதப் போவதில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினோம். போரூரிலிருந்து மொத்தம் பதினாறு மணி நேரம். 355-ஐ 16-ஆல் வகுத்தால் மணிக்கு 22 கிலோமீட்டர். நன்றாக மிதிக்கத் தெரிந்தவர் சைக்கிளில் போகும் வேகம். இந்தக் கணக்கை நான் பல நாள் கழித்து ஒரு ராத்திரி போட்டுப் பார்த்தேன், போட்ட பிறகு தூக்கம் வரவில்லை.

எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை. இதுதான் எனக்கு ஆறவே இல்லை. பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. போர் முடிந்து, இலங்கை சுதந்திரம் வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே, 1947 டிசம்பர் 10-இல் ஏர் சிலோன் தன்னுடைய முதல் பயணிகள் விமானத்தை விட்டது. கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் (அப்போது பலாலி விமான நிலையத்தை அப்படித்தான் சொல்வார்கள்) இறங்கி, பிறகு மதராஸ். அந்த நாட்டின் முதல் விமான நிறுவனத்தின் முதல் பயணமே யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான். ஓட்டியது டகோட்டா, மணிக்கு 300 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் பலாலியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். 1947-இல் ஒன்றேகால் மணி நேரத்தில் பறக்க முடிந்த இடத்துக்கு எனக்கு 2016-இல் பதினாறு மணி நேரம்.

மாமிக்கு அந்த விமானம் ஞாபகம் இருக்கிறது. (மாமியார் என்று சொல்லி எனக்குப் பழக்கம் போய்விட்டது, யாழ்ப்பாணத்தில் மாமி என்றுதான் கூப்பிடுவார்கள், எனக்கும் அதுதான் வருகிறது.) சின்ன வயதில் தோட்டத்தில் நிற்கும்போது தலைக்கு மேல் தாழப் போகுமாம், அதைப் பார்த்துத்தான் மணி சொல்வார்களாம். விமானம் ஏறக் காசில்லாதவர்களுக்கு ரயிலும் கப்பலும் இருந்தது. பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்ததும் எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில் என்று ஒரே டிக்கெட்டில் கொழும்புவரை போகலாம், போட் மெயில் என்று பெயர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது, எண்பதுகளில் போர் தொடங்கியதும் அதுவும் நின்றது. இதெல்லாம் சட்டப்படியான வழி. வல்வெட்டித்துறை ஆட்களைக் கேட்டால் வேறு வழி சொல்வார்கள். அங்கிருந்து கோடியக்கரை சுமார் அறுபது கிலோமீட்டர்தான், காற்று சரியாக இருந்தால் வள்ளத்தில் வேதாரண்யம் வந்து படம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன கதைகள் எங்கள் குடும்பத்துப் பெரியவர்களிடமே இருக்கின்றன. எவ்வளவு உண்மை, எவ்வளவு கூட்டிச் சொன்னது என்று நான் ஆராயவில்லை. கோடியக்கரை அவர்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி இருந்தது என்பது மட்டும் அந்தப் பேச்சிலேயே தெரியும்.

போர் தொடங்கியதும் பலாலி ராணுவத்திடம் போனது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ரயில் 1990-இல் நின்றது, மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வந்தது 2014 அக்டோபரில்தான். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 ரோடு பல வருஷம் மூடிக் கிடந்து, சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு 2002-இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடி, போர் முடிந்த பிறகுதான் திறந்தது. ரோடு மூடியிருக்கும்போது திருகோணமலைக்குக் கப்பலில் போய் அங்கிருந்து கொழும்புக்குப் பஸ். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போவதே அப்படி என்றால் சென்னையை யார் நினைப்பார்கள்.

என் மனைவி 2003-இல் சென்னைக்குப் படிக்க வந்தாள், அதாவது ரோடு திறந்திருந்த அந்த நாலு வருஷத்துக்குள். அவள் சொல்லும் ஒரு விஷயத்தை நான் எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காது. அப்போது இலங்கை அரசாங்கத்தின் நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி முன்னால் இருந்தது. 1996-இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கடிகாரத்தை நகர்த்தினார்கள், பழையபடி மாற்றியது 2006 ஏப்ரலில். ஆனால் புலிகள் கையில் இருந்த வன்னியில் இந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ளவில்லை, அங்கே பழைய நேரமே ஓடியது. ஆகவே யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறும்போது ஒரு நேரம், முகமாலை சோதனைச் சாவடி தாண்டியதும் அரை மணி பின்னால், வன்னி முழுக்க அதே நேரம், ஓமந்தை தாண்டியதும் மறுபடி அரை மணி முன்னால், அப்புறம் கொழும்பில் விமானம் ஏறிச் சென்னையில் இறங்கினால் மறுபடி பின்னால். இரண்டு நாள் பயணத்தில் கைக்கடிகாரத்தை மூன்று தடவை திருத்தினாளாம். “வன்னிக்கும் மெட்ராசுக்கும் ஒரே நேரம், யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஒரே நேரம்” என்பாள். இப்போது எல்லா இடத்துக்கும் ஒரே நேரம், சென்னையில் கிளம்பி பலாலியில் இறங்கினால் கடிகாரத்தைத் தொட வேண்டாம். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை.

பலாலி 2019 அக்டோபர் 17-இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, அடுத்த மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வரத் தொடங்கியது. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம். ஆனால் போகக் கொடுத்து வைக்கவில்லை, 2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது, அப்புறம் இலங்கையின் பொருளாதாரம் விழுந்தது. 2022 டிசம்பர் 12-இல்தான் விமானம் மறுபடி வந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து தினமும் என்று ஆரம்பித்தது, 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் விட்டார்கள். திருச்சி, யாழ்ப்பாணம் நேர்கோடு 185 கிலோமீட்டர் கூட இல்லை. கடல் வழி வேண்டுமென்றால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். அது 2023 அக்டோபரில் ஆரம்பித்து சில நாளிலேயே மழைக்காலம் என்று நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கப்பலை நம்பித் திட்டம் போடாதீர்கள், கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். விமானமோ கப்பலோ, போவதற்கு முன்னால் அந்தந்த வாரம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரி. பொங்கல் முடிந்த மறு வாரம். மாமி கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது கை மணிக்கட்டு முறிந்துவிட்டது என்று சாயங்காலம் போன் வந்தது. அதே மாதிரி சாயங்காலம், அதே மாதிரி போன். மனைவி போனைக் கீழே வைத்தவுடன் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பழைய வேன் இருந்தது. நான் போனில் தேடினேன், மறுநாள் மதியம் பலாலிக்கு இரண்டு சீட் இருந்தது.

இந்த முறை நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டே போனேன், ஏனென்று எனக்கே அப்போது தெரியாது. காலை பத்தேகாலுக்கு வீட்டிலிருந்து கிளம்பினோம். சக்கரம் தரையை விட்டது 2:12. கிழக்கே அடையாறு கடலில் சேரும் இடத்தைத் தாண்டி நீருக்கு மேல் போய் வலது பக்கம் திரும்பியது, அப்புறம் நேர் தெற்கு. வலது பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள், போகும்போது. கரை கூடவே வரும், முதலில் மாமல்லபுரம் பக்கம் நெருங்கி, பிறகு மெல்ல விலகி, புதுச்சேரி, கடலூர், கொள்ளிடம் கடலில் விழும் பழுப்பு நிறம், நாகப்பட்டினம். ஏடிஆர் ரொம்ப உயரத்தில் போகாது என்பதால் வானம் தெளிவாக இருந்தால் எல்லாம் தெரியும். கோடியக்கரையில் கரை சட்டென்று வளைந்து மேற்கே ஓடிவிடும், அதோடு நம் நாடு முடிந்தது. அதற்கப்புறம் பாக் நீரிணை. நான் மணியைப் பார்த்தேன், மனைவி முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். அந்த ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் கடலைத் தாண்ட ஏழு நிமிஷம் ஆயிற்று. கோடியக்கரை இன்னும் பின்னால் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தபோதே முன்னால் வெள்ளையாக ஒரு கரைக்கோடும் அதற்குப் பின்னால் பனைமரங்களும் வந்துவிட்டன. எத்தனை பேர் ராத்திரியில் வள்ளத்தில், கையில் பிள்ளையோடு, நேவி வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு கடந்த தண்ணீர் அது. ஏழு நிமிஷம்.

அப்புறம் செம்மண். வலிகாமத்து மண் அப்படியே சிவப்பு, சதுரம் சதுரமாகத் தோட்டங்கள், வெங்காயமும் புகையிலையும். சக்கரம் தரையைத் தொட்டது 3:11. காற்றில் இருந்தது ஐம்பத்தொன்பது நிமிஷம். சின்ன நிலையம், எழுபது பேர்தான் இறங்குகிறோம், ஆனாலும் குடிவரவு, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர நாலைத் தாண்டிவிட்டது. வெளியில் தமிழில் பலகை, தமிழில் பேசும் ஆட்டோக்காரர். பலாலியைச் சுற்றியுள்ள ஊர்களை விட்டு 1990-இல் எழும்பிப் போன சனங்களில் பலர் இன்னும் தங்கள் காணிக்குத் திரும்பவில்லை என்பதை ஆட்டோக்காரர்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார், வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, அது இன்னார் வளவு, இது இன்னார் வளவு என்று. நாங்கள் இறங்கிய ஓடுதளத்தைச் சுற்றியே அந்த நிலங்கள். விமானம் வந்ததில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தோடு இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும், இதை விட்டுவிட்டால் பாதிதான் சொன்னதாக ஆகும்.

போரூர் வாசலிலிருந்து இணுவில் வாசல்வரை ஆறரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பறந்தது ஒரு மணி நேரம், மீதி எல்லாம் வரிசையில் நின்றது, காத்திருந்தது. ஆகவே யாராவது என்னிடம் எத்தனை மணி நேரம் என்று கேட்டால் இனி ஆறரை என்றுதான் சொல்லப் போகிறேன். டிக்கெட்டில் ஒன்றேகால் என்று இருப்பதைப் பார்த்து மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள், சாயங்காலத் தேநீருக்குப் போகலாம். சாமான் எவ்வளவு கொண்டுபோக விடுவார்கள் என்பதையும் டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். சின்ன விமானம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நாங்கள் கொழும்பு வழியாகப் போய் வந்த காலத்தில் மாமிக்கு ஒரு கணக்கு இருந்தது. “ஆனையிறவு தாண்டினதும் போன் பண்ணுங்கோ, அப்பதான் உலை வைப்பன்” என்பார். ஆனையிறவிலிருந்து இணுவிலுக்கு வேனில் ஒன்றேகால் மணி நேரம். விறகடுப்பில், சிவப்பரிசிச் சோறு வெந்து வடித்து, நாங்கள் முகம் கழுவி உட்காரும்போது ஆவி பறக்க இலையில் இருக்கும். ஒரு நாளும் தப்பியதில்லை, 2016-ஐத் தவிர. அந்த முறை ஆனையிறவில் நாங்கள் போன் செய்யவில்லை.

இந்த முறை பலாலியில் வெளியே வந்ததும் மனைவி போன் செய்தாள். “எவடத்தில நிக்கிறியள், ஆனையிறவோ?” என்று கேட்டார் மாமி, பழக்கம். பலாலியில் நிற்கிறோம் அம்மா என்றாள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை, பிறகு “எடியே, உலையை வை” என்று பக்கத்தில் இருந்த சின்னம்மாவுக்குச் சொல்வது கேட்டது.

நாங்கள் போய் இறங்கியபோது மாமி கையில் மாவுக்கட்டோடு படலையடியில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, “தம்பி, கொஞ்சம் பொறுங்கோ, சோறு இன்னும் அவியேல்லை.”